சிறகு எங்கே முளைக்கிறது?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் குமரி மாவட்டத்தில் களியக்காவிளை பக்கம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிராகன், யட்சி, சிறகு வைத்த குதிரை, கொம்பு முளைத்த வீரர்கள் என்று கற்பனை உருவங்களைப் பென்சிலில் வரைவதுதான் எனக்கு உயிர். போனில் ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால் அச்சு அசலாக வருகிறது. நானாக யோசித்து வரைந்தால் பொம்மை மாதிரி நிற்கிறது. பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம். ஷேடிங் செய்தால் அழுக்குப் பிடித்தது போல ஆகிவிடுகிறது. நல்ல பென்சில் செட் வாங்கினால் சரியாகுமா? பார்த்து வரைவது தப்பா? 'முதலில் ரெக்கார்டு நோட்டை முடி' என்று வீட்டில் திட்டுகிறார்கள். அதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறேன். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள். நான் சின்னவள்தான், 'நீ' என்றே எழுதுங்கள். என் படங்களில் வில்லன் யார், நல்லவன் யார் என்று தெரியவில்லை என்கிறாள் தோழி. படிப்பை விட்டுவிட்டு ஓவியக் கல்லூரிக்குப் போகட்டுமா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

ஆறு படங்களையும் பிரிண்ட் எடுத்து மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கோட்டில் தயக்கம் இல்லை. யட்சியின் கூந்தலை நெற்றியில் தொடங்கி இடுப்பு தாண்டி ஒரே இழுப்பில் கொண்டுபோயிருக்கிறாய். அது பலருக்குப் பல வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். அதனால் பென்சில் செட்டை இப்போதைக்கு மறந்துவிடு. குறை பென்சிலில் இல்லை.

உன் டிராகனைப் பார். முகம் அருமை. மூக்குத் துவாரத்தில் புகை வருவது போலவே இருக்கிறது. ஆனால் சிறகுகளை முதுகில் பசை போட்டு ஒட்டியது போல வைத்திருக்கிறாய். அந்தச் சிறகை அது எப்படி மடக்கும்? மடக்கினால் எங்கே வைக்கும்? படம் இதற்குப் பதில் சொல்லவில்லை. நீ 'பொம்மை மாதிரி' என்று எழுதியிருந்தாயே, அதன் காரணம் இதுதான். உள்ளே எலும்பு இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சிறுவர் கதைக்குச் சிறகுள்ள குதிரை ஒன்றை வரைந்து கொடுத்தேன். ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக வரைந்திருந்தேன். மூன்று ராத்திரி வேலை. படம் திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியர் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'இது தரையில் இறங்கும்போது எந்தக் கால் முதலில் படும்?' என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ரொம்ப வலித்தது. இப்போதும் ஒவ்வொரு உருவத்தைத் தொடங்கும் முன்பும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சிறகுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது பிடிபட்டால் உன் மற்ற உருவங்களும் தானாக எழுந்து நிற்கும்.

சிறகு என்பது கை. முதுகில் முளைத்த விசிறி அல்ல. அடுத்த முறை வீட்டில் கோழி வாங்கும்போது சிறகுத் துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொள். மசாலா போடுவதற்கு முன்னால் அதை மெல்ல விரித்து மடக்கிப் பார். தோளுக்குப் பக்கத்தில் ஒற்றை எலும்பு, அது மேல்கை. அடுத்த துண்டில் இரண்டு எலும்பு, நம் முன்கையில் இருப்பது போலவே. நுனியில் ஒட்டிப்போன விரல்கள். முழங்கையை மடக்கினால் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கும். இரண்டும் சேர்ந்து அசைவதைக் கையால் உணர்ந்துவிட்டால், பிறகு உன் பென்சில் அந்த இடத்தில் தப்பு செய்யாது.

டிராகனுக்குக் கோழி போதாது, வௌவால் வேண்டும். வௌவாலின் சிறகு முழுக்கமுழுக்க ஒரு விரிந்த கை. கட்டைவிரல் மட்டும் கொக்கி போலத் தனியாக நிற்கும்; மற்ற நான்கு விரல்களும் குடைக்கம்பி மாதிரி நீண்டு தோலை இழுத்துப் பிடித்திருக்கும். அந்தத் தோல் உடம்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே பின்னங்கால் வரை போகும். உன் படத்தில் சிறகின் கம்பிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, ஏணிப்படி மாதிரி போகின்றன. அவை மணிக்கட்டிலிருந்து விரிய வேண்டும். இந்த ஒன்றை மாற்றினாலே சிறகு காற்றைப் பிடிக்கத் தொடங்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்தான் சிறகானது. உன் டிராகனுக்கு நான்கு காலும் இரண்டு சிறகும், ஆக ஆறு உறுப்புகள். வரையலாம், தப்பே இல்லை. ஆனால் இரண்டாவது ஜோடித் தோளுக்கு உடம்பில் இடம் விட வேண்டும். முன்னங்காலின் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இன்னொரு தோள்பட்டை, அதை அசைக்கும் தசை, அந்தத் தசை ஒட்டிக்கொள்ள ஆழமான மார்பு. பறக்கும் பறவைகளின் மார்பெலும்பு படகின் அடிப்பாகம் போல நடுவில் எழும்பி நிற்பது அதற்காகத்தான். உன் டிராகனுக்கோ வேட்டை நாயின் ஒட்டிய வயிறும் ஒடுங்கிய மார்பும். அவ்வளவு பெரிய சிறகை அந்த மார்பால் ஒரு தடவைகூட அடிக்க முடியாது. மார்பை அகலமாக்கு, உடம்பைக் கொஞ்சம் நீட்டு. பிறகு சிறகை மடக்கிய நிலையில் பத்துப் படம் போடு. மடக்கத் தெரிந்த பிறகு விரி.

கால்களிலும் இதே கதைதான். குதிரையின் பின்னங்கால் 'முட்டி' பின்பக்கமாக வளைகிறது என்று நினைத்து வரைந்திருக்கிறாய். அது முட்டியே அல்ல, கணுக்கால். முட்டி மேலே, வயிற்றோடு ஒட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்டைப் பிடித்துத் தடவிப் பார், தெரியும். ஆடும் குதிரையும் குளம்பில், அதாவது நகத்தில் நடக்கின்றன. நாயும் பூனையும் விரலில் நடக்கின்றன. நாமும் கரடியும் உள்ளங்காலைப் பதித்து நடக்கிறோம். புதிதாக ஓர் உயிரை உண்டாக்கும்போது இந்த மூன்றில் எது என்று முதலிலேயே தீர்மானி. நகத்தில் நடப்பது ஓடுவதற்கான உடம்பு, பாதம் பதிப்பது நின்று ஏறுவதற்கான உடம்பு. அந்த உயிரின் குணத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இப்போது உன் ரெக்கார்டு நோட்டு. நேரத்தைத் தின்கிறது என்று எழுதியிருந்தாய். தங்கச்சி, நான் விலங்கியல் படித்தவள் அல்ல. ஒரு புறாவின் எலும்புக்கூட்டை நேரில் பார்க்க எத்தனையோ இடம் அலைந்திருக்கிறேன். உன் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை எல்லாம் உன் டிராகனின் உறுப்புகள். ரெக்கார்டுக்கு ஒரு படம் போட்டு, பாகம் குறித்து, கையெழுத்து வாங்கியதும் மூடிவிடாதே. அதே தவளையை, அதே புறாவின் தோளெலும்பைச் சொந்த நோட்டில் பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, முக்கால் பக்கமாக ஒன்று என்று மூன்று தரம் வரை. ஆய்வக உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு, மதிய இடைவேளையில் இருபது நிமிடம் போதும். இதற்கு நிகரான பாடம் எந்த ஓவிய வகுப்பிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பார்த்து வரைவது தப்பா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தப்பில்லை. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் கற்றோம். ஆனால் போனில் நீ பார்க்கும் டிராகன் இன்னொருவருடைய கற்பனை. அவர் விட்ட தப்பும் உன் கைக்குள் வந்துவிடும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்: பார்த்து வரைந்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வை, அதே உயிரைத் திரும்பி நிற்பது போல வரை. வரவில்லை என்றால் நீ கோட்டை மட்டும்தான் எடுத்திருக்கிறாய், உருவத்தை எடுக்கவில்லை. கட்டம் போட்டு வரைவதும் அப்படியே. அச்சு அசலாக வரும், ஆனால் உருவம் மனதில் தங்காது.

நம் ஊர்ச் சிற்பிகள் இதைத் தலைகீழாகக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரம் போய்த் தாணுமாலயன் கோயில் பிரகாரத்தில் யாளித் தூண்களுக்கு முன்னால் உட்கார். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். உலகத்தில் இல்லாத மிருகம். ஆனாலும் பார்த்தவுடன் நம்பிவிடுகிறோம். ஏன்? பின்னங்கால் தொடையைப் பார். எழும்பி நிற்கும்போது எந்தத் தசை புடைக்குமோ அதுதான் புடைத்திருக்கும். துதிக்கை தாடையோடு சேரும் இடத்தைப் பார். சிங்கமும் யானையும் ஒட்டும் அந்தத் தையல் தெரியாதபடி பிடரிச் சுருளையும் அணியையும் அங்கே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அலங்காரத்தை எங்கே போடுவது என்று இதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. நீ உன் வீரனின் கவசத்தில் எல்லா இடத்திலும் பூவேலை செய்திருக்கிறாய். இரண்டு வேறு பொருள் சேரும் இடத்தில் மட்டும் போட்டுப் பார், மற்ற இடத்தை வெறுமையாக விடு.

ஆனால் யாளியை அப்படியே தாளுக்கு மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பின்னங்காலில் எழும்பி நிற்கும் யாளிக்கு முதுகுக்குப் பின்னால் தூண் இருக்கிறது. உன் தாளில் தூண் இல்லை. மார்புக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு போடு, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல. அந்தக் கோடு பாதங்களுக்கு நடுவில் விழவில்லை என்றால் உன் மிருகம் சாய்ந்துவிடும். அப்போது வாலைத் தரையில் ஊன்று, அல்லது ஒரு காலைப் பின்னுக்குத் தள்ளு. உன் நான்காவது படத்தில் இந்தக் கோட்டைச் சிவப்பு மையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஒரே முகப் பிரச்சினைக்குத் திருவட்டாறு போ. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரத்தில் விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாரும் கையில் விளக்கு ஏந்தி நிற்பவர்கள்தான். ஒவ்வொருத்தியின் மூக்கையும் மோவாயையும் கொண்டையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள், இல்லையென்றாலும் கவலையில்லை. நோட்டில் வரைந்தால்தான் மனதில் நிற்கும். அப்புறம் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் மூன்று அளவை மட்டும் கவனி: முடியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கு நுனி, மூக்கிலிருந்து மோவாய். இந்த மூன்றில் எது நீளம், எது குட்டை என்பதை மாற்றினாலே வேறு ஆள் வந்துவிடுவார். கண்கள் தலையின் நடு உயரத்தில் இருக்கின்றன என்பதையும் மறக்காதே. நீ மேலே ஏற்றிவிடுகிறாய், நெற்றி காணாமல் போகிறது.

உன் யட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கூர்ந்த காது, ஐரோப்பியக் காட்டுத் தேவதையின் உடுப்பு. அழகுதான். ஆனால் நீ இருப்பது கள்ளியங்காட்டு நீலியின் கதையைக் கேட்டு வளரும் நாடு. முப்பந்தலில் இசக்கியம்மன் இருக்கிறாள். கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கி உருவங்களை எத்தனை கோயிலில் பார்த்திருப்பாய்! பாட்டி சொல்லும் கதையில் யட்சி என்ன செய்வாள்? ராத்திரி வழியில் போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். அதை வரை. நீட்டிய கை, கொஞ்சம் சாய்ந்த கழுத்து, பின்னால் பனைமரம். பாதம் மட்டும் தரையில் படாமல் ஒரு விரலளவு மேலே. கோரைப்பல்லே வேண்டாம், பார்க்கிறவருக்குத் தானாக உடம்பு சிலிர்க்கும். ஓர் உருவம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நீ தீர்மானித்துவிட்டால் முகபாவம் தேடி அலைய வேண்டியதில்லை.

வில்லன் யார், நல்லவன் யார் என்று தெரியவில்லை என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். இதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பாடம் இருக்கிறது. கதகளியில் பச்சை வேஷம் நல்ல நாயகனுக்கு, கத்தி வேஷம் ஆணவம் பிடித்தவனுக்கு, சிவப்புத் தாடி கொடியவனுக்கு, கரி வேஷம் காட்டுத்தன்மைக்கு. நிலவிளக்கு வெளிச்சத்தில் தூரத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் கிரீடம், பாவாடை எல்லாமே பெரிய வடிவங்கள். நம் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் வரும் உருவத்தின் வெளிவடிவைப் பார்த்தே ராமனா ராவணனா என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். உன் உருவத்தை இரண்டு அங்குல உயரத்தில் வரைந்து உள்ளே முழுக்கக் கறுப்பாக அடை. யாரென்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கண், மூக்கு வரையப் போகாதே. வெளிவடிவை மாற்று.

இனி ஷேடிங். அழுக்காவதற்கு உன் படங்களில் மூன்று காரணம் தெரிகிறது. விரலால் தேய்க்கிறாய், விரலின் எண்ணெய் தாளில் இறங்கித் திட்டாகிவிடுகிறது. டிஷ்யூ காகிதமோ பட்ஸோ எடுத்துக்கொள், அதுவும் கொஞ்சமாக. இரண்டாவது, கறுப்பு வேண்டும் என்று ஹெச்பி பென்சிலை அழுத்துகிறாய். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. களிமண் கூடினால் ஹெச், கிராஃபைட் கூடினால் பி. ஹெச்பியை அழுத்தினால் கறுக்காது, பளபளக்கும், தாள் பள்ளமாகும். வெளிக்கோட்டுக்கு ஹெச்பி, நடுத்தர நிழலுக்கு 2பி, ஆழத்துக்கு 6பி. கடையில் தனித்தனியாகவே கிடைக்கும். நடராஜ், அப்சரா, கேம்லின் எதுவானாலும் சரி. லேசாகப் பல தடவை போடு.

மூன்றாவதுதான் முக்கியம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நீ முடிவு செய்யவே இல்லை. தலையில் இடப்பக்க வெளிச்சம், வாலில் வலப்பக்கம். ராத்திரி டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு மேசை விளக்கு மட்டும் போட்டு, வெள்ளைத் தாளில் முட்டை ஒன்றை வைத்து வரை. நிழல்பக்கத்தின் அடிவிளிம்பில் மெல்லிய வெளிச்சம் தெரியும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. டிராகனின் வயிற்றடியிலும் அதேதான் வரும். ஆனால் அது ஒருபோதும் வெளிச்சப் பக்கம் அளவுக்குப் பிரகாசமாக இருக்காது. வரைவதற்கு முன் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை நிரப்பிக்கொள். படத்தில் அந்த ஐந்தைத் தவிர வேறு நிறம் வேண்டாம். அவ்வப்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது ஒழுங்காக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

செதில்களை ஒன்றுவிடாமல் வரைந்து கையை ஒடித்துக்கொள்ளாதே. குளச்சல் மீன் வந்தால் செதில் பெரிய மீன் ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் பார். வெளிச்சம் நேராகப் படும் இடத்தில் செதில் கண்ணுக்குத் தெரியாது, ஒரே மினுக்கம். ஆழ்ந்த நிழலிலும் தெரியாது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில்தான் ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும். அங்கே மட்டும் வரை. மீதியைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

ஒரு சின்ன விஷயம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. ஈரம் குடித்த தாளில் ரப்பர் போட்டால் நார் நாராகக் கிளம்பும், அதற்கு மேல் என்ன வரைந்தாலும் அழுக்காகத்தான் தெரியும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் வை. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் எப்போதும் இருக்கட்டும்.

தக்கலை பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடு. பூமுகத்து, அதாவது முகப்பு மண்டபத்து மரக்கூரையின் பூச்செதுக்கல்களைக் கவசத்துக்கும் நகைக்கும் குறித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதே. படிப்பை விட்டுவிட்டு ஓவியக் கல்லூரிக்குப் போகட்டுமா என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்தாய். விடாதே. பட்டம் முடித்த பிறகும் ஆசை இருந்தால் அப்போது பேசலாம்.

அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு படம் போதும். உன் வீட்டு ஓட்டுக்கூரையில், மழை விட்ட நேரத்தில், அந்த டிராகன் வந்து இறங்குகிறது. சிறகு பாதி மடங்கியிருக்கட்டும். வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து வரட்டும். நகத்தின் கீழ் இரண்டு ஓடாவது நழுவட்டும். ரெக்கார்டு நோட்டில் செய்வது போல ஓரத்தில் பாகங்களைக் குறித்து அனுப்பு. எந்தக் கால் முதலில் ஓட்டில் பட்டது என்பதையும் அங்கேயே எழுதிவிடு.

அன்புடன்,
அக்கா